பழைய காரின் சேஸிஸ் தகட்டை விற்கலாமா?

பழைய காரை உடைக்கப் போகிறவர்கள் என் பட்டறையில் அடிக்கடி கேட்பது இது: "வண்டி இரும்புக்குப் போகட்டும், அந்த சேஸிஸ் நம்பர் தகட்டை மட்டும் ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுத்துடலாமா?" கொடுக்காதீர்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன்.

முதலில் அது என்ன தகடு என்று பாருங்கள். 'அம்பாசடர்', 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயர் எழுத்துகள், பானெட் சின்னம், வீல் கப் இவற்றில் அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் எதுவும் கிடையாது. தாராளமாக விற்கலாம். ஹெரால்டு சாமான்களைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விலையும் கிடைக்கும்.

பானெட்டைத் தூக்கினால் உள்ளே ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும், சேஸிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்திலும் குத்தியிருக்கும், அந்த வண்டிக்கே உரிய எண்) பொறித்தது. சிக்கல் அதில்தான். மோட்டார் வாகனச் சட்டம் தகடு விற்பனையைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. அதனால் தப்பில்லை என்று புரோக்கர்கள் சொல்வார்கள். ஆனால் வாங்குகிறவர் "ஆர்.சி. புத்தகமும் இருக்கா?" என்று சேர்த்துக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். தகடும் ஆர்.சி.யும் கைக்கு வந்தால், திருட்டு வண்டிக்கோ பேப்பர் இல்லாத வண்டிக்கோ உங்கள் காரின் அடையாளத்தைச் சூட்டிவிடலாம். 2021-இல் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' என்று தனிப் பதிவு வரிசை வந்தது. பழைய பேப்பருக்கு மவுசு இருக்கத்தானே செய்யும். தெரிந்தே கொடுத்திருந்தால் மோசடி வழக்கில் நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். தெரியாமல் கொடுத்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் இருக்கும் பெயரைத்தான். அமெரிக்காவில் இன்னும் கடுமை: அடையாள எண்ணைத் தெரிந்தே கழற்றினாலோ திருத்தினாலோ 5 வருஷம் வரை சிறை.

சரி, வண்டியை உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் என்ன செய்வது? சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, இனி ஓடவே முடியாது என்றான வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்ய வேண்டும். பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் விடுவது இன்னும் நிம்மதி. சேஸிஸ் எண் உள்ள துண்டை அவர்களே வெட்டியெடுத்து 6 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் தரும் சான்றிதழை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முழு வண்டியையும் புதுப்பிக்கிறவருக்கு விற்கிறீர்களா? அப்போது தகடு வண்டியோடுதான் போக வேண்டும். படிவம் 29, 30 போட்டு பெயர் மாற்றம் முடியும் வரை பின்னாலேயே நில்லுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ரிவெட்டின் தலை மேல் வண்டியின் பழைய பெயின்ட் படிந்திருக்கும். நடுவில் ஓட்டை தெரியும் பளபளப்பான பாப் ரிவெட் இருந்தால், யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரிப்பேருக்காகவும் கழற்றியிருக்கலாம், காரணத்தைக் கேளுங்கள். அப்புறம் சேஸிஸில் குத்திய எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுங்கள். அதுவும் தகடும் ஆர்.சி.யும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்பா ஓட்டிய வண்டி, ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வதும் அந்த பென்சில் பிரின்ட்தான். பிரேம் போட்டு சுவரில் மாட்டலாம், யாரும் அதை வேறு வண்டியில் ஒட்ட முடியாது.

ஏற்கெனவே தகட்டை விற்றுவிட்டவர்கள், வாங்கியவரின் பெயர், போன் எண், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் எழுதி, பதிவை ரத்து செய்யும் மனுவோடு சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.