வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த இன்ஜின்? செலவுக் கணக்கு போடும் முறை

என் இரண்டு இருக்கை விமானத்துக்கு நான் முதலில் வாங்கியது, கழித்துப்போட்ட காரிலிருந்து இறக்கிய சுபாரு ஈஏ81 இன்ஜின். விமானத்துக்கென்றே செய்த புது லைகமிங் இன்ஜின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அன்று நோட்டில் 'இன்ஜின் வாங்கியாச்சு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் பதினோரு பக்கம் செலவு எழுத வேண்டி வந்தது. இன்ஜின் தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்தச் செலவுப் பக்கங்களை இன்ஜின் வாங்கும் முன்பே எழுதிவிட வேண்டும்.

ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவர்) முன்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் போடுங்கள்: மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்), எக்ஸாஸ்ட், கவ்லிங் (இன்ஜின் மூடி), புரொப்பெல்லர், எரிபொருள் பம்ப், இக்னிஷன். பலர் கட்டிப் பறக்கும் மாடல் என்றால், விமான இன்ஜினுக்கு இவற்றில் பெரும்பாலானவை தயாராகவே கிடைக்கும். கார் இன்ஜினுக்கு ஒவ்வொன்றையும் நாமே யோசித்துச் செய்ய வேண்டும்.

அதில் பெரிய செலவு, இன்ஜினின் சுற்று வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் ரிடக்‌ஷன் டிரைவ். லைகமிங் ஓ-320 தன் 150 அல்லது 160 குதிரைசக்தியை நிமிடத்துக்கு 2,700 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. புரொப்பெல்லரை இன்ஜினின் கிராங்க் தண்டிலேயே மாட்டலாம். கார் இன்ஜின் முழு பலத்தைக் காட்ட 5,000 சுற்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும். வழக்கமான அளவு புரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அதனால் நடுவில் டிரைவ் வேண்டும். எனக்கு அது மட்டுமே இன்ஜினைப் போல நான்கு மடங்கு ஆனது. அப்புறம் முறுக்கு அதிர்வு என்று ஒன்று இருக்கிறது: சுற்றும் தண்டு முன்னும் பின்னும் முறுக்கி அதிர்வது. இன்ஜின், டிரைவ், புரொப்பெல்லர் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கியர் பல்லோ தண்டோ உடையும். அதே மூன்றும் சேர்ந்து பல நூறு மணி நேரம் பறந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். சிறு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இன்ஜின் 5,800 சுற்றில் 100 குதிரைசக்தி தருகிறது, வேகத்தை 2.43-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கியர்பாக்ஸ் தொழிற்சாலையிலிருந்தே சேர்ந்து வருகிறது. அதன் விலையில் ஒரு பகுதி இந்தத் தொல்லை நமக்கு இல்லாமல் இருப்பதற்காகத்தான்.

அடுத்தது எடை. ரேடியேட்டர், தண்ணீர், குழாய், டிரைவ் எல்லாம் மாட்டியபின் என் விமானத்தின் மூக்கில் திட்டமிட்டதைவிட 10 கிலோ அதிகம். அது ஈர்ப்பு மையத்திலிருந்து 1.2 மீட்டர் முன்னால். பத்தை 1.2-ஆல் பெருக்கினால் 12. அதைச் சமன்செய்ய 6 கிலோ பேட்டரியை 2 மீட்டர் பின்னுக்குத் தள்ளினேன்; ஆறை இரண்டால் பெருக்கினாலும் 12. பேட்டரி பின்னால் போனதும் ஸ்டார்ட்டர் வரை தடித்த கேபிள் வேண்டியிருந்தது. அதற்கும் எடை, அதற்கும் காசு.

இப்போது மொத்தத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: ஓவர்ஹால் (இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) வரை ஓடும் 2,000 மணியால் வகுத்துவிடுகிறார்கள். வருடத்துக்கு 50 மணி பறப்பவருக்கு அது 40 வருடம்! லைகமிங் 12 வருடத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது. ரோட்டாக்ஸில் ரப்பர் குழாய்களை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே நீங்கள் உண்மையில் பறக்கப்போகும் மணிகளால் வகுங்கள். பத்து வருடத்துக்கு 500 மணி என்றால் 500. அதன்மேல் எரிபொருளைச் சேருங்கள். 75 சதவீத பலத்தில் 912 யூஎல்எஸ் மணிக்கு 18, 19 லிட்டர் குடிக்கும், கார் பெட்ரோலே போதும். ஓ-320 மணிக்கு 30 லிட்டருக்கு மேலேயே குடிக்கும். கடைசியில் விற்கும்போது திரும்பக் கிடைப்பதைக் கழியுங்கள். நன்கு அறியப்பட்ட விமான இன்ஜினுக்கு அந்தத் தொகை பெரியது. என் சுபாருவுக்கு நான் பூஜ்யம் என்றே எழுதினேன்.

பட்டியலில் உங்கள் நேரத்துக்கும் ஓர் இடம் வேண்டும். எனக்கு 430 மணி நேரம் இன்ஜின் பொருத்துவதிலேயே போனது. அந்த வேலை பிடிக்கும் என்றால் அது செலவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். இலேசான ஒற்றை இருக்கை விமானம் என்றால் ஃபோக்ஸ்வேகன் கார் இன்ஜினை விமானத்துக்கு மாற்றியமைத்தது நல்ல தேர்வு என்பது என் எண்ணம்: காற்றிலேயே குளிரும், டிரைவ் இல்லாமலே புரொப்பெல்லரை ஓட்டும். ஆனால் சிறிய புரொப்பெல்லரை வேகமாகச் சுற்றுவதால், காற்றுத்தடை அதிகமுள்ள மெதுவான விமானத்துக்கு அது சரிப்படாது.

பழைய லைகமிங் வாங்குகிறீர்களா? ஓடிய மணியைவிட, எத்தனை மாதம் ஓடாமல் கிடந்தது என்று கேளுங்கள். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது; இன்ஜின் சும்மா இருந்தால் எண்ணெய் வடிந்து அங்கேதான் துரு பிடிக்கும். விற்பவர் ஒத்துக்கொண்டால் ஒரு மெக்கானிக்கை வைத்து ஒரு சிலிண்டரைக் கழற்றி, டார்ச் அடித்து கேமின் மேட்டைப் பாருங்கள். நகத்தால் வருடும்போது சொரசொரப்பு தட்டினால் முழு ஓவர்ஹால் தொகையையும் உங்கள் பட்டியலில் சேர்த்து எழுதிவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.