பாட்டிலில் கலக்கும் கார்போ பானம்: வயிற்றைப் புரட்டும் தவறுகள்

நீண்ட தூர ஓட்டத்திலோ சைக்கிள் பயணத்திலோ பாதி வழியில் வயிறு புரட்ட ஆரம்பித்தால், பழி முதலில் விழுவது தண்ணீரில் கலந்து குடிக்கும் கார்போஹைட்ரேட் பொடியின் மேல்தான். "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அடுத்த டப்பாவை வாங்கிவிடுகிறோம். பெரும்பாலும் தப்பு பொடியில் இல்லை. எத்தனை கிராமை எவ்வளவு தண்ணீரில் கலந்தோம், எவ்வளவு நேரத்தில் குடித்தோம் என்பதில்தான் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது நான்கு மணி நேர சைக்கிள் பயிற்சி ஒன்றில். மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் வேண்டும் என்று படித்திருந்தேன். சரி, முதல் இரண்டு மணி நேரத்துக்கு 120 கிராம் என்று கணக்குப் போட்டு, மொத்தத்தையும் ஒரே 500 மில்லி பாட்டிலில் கொட்டினேன். சுமை குறையட்டும் என்று வெறும் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். குலுக்கும்போதே கலவை பாகு மாதிரி பாட்டிலின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றில் தளும்பும் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் ஏப்பம், குமட்டல், காலில் வலுவே இல்லை. குடித்தது வயிற்றிலேயே தேங்கிக்கொண்டு, தசைக்குப் போய்ச் சேரவில்லை.

நான் கலந்தது 24 சதவீதக் கரைசல். பொதுவாக வயிறு தாங்கக்கூடியது 6 முதல் 8 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம். அதைவிடக் கெட்டியாகப் போகப் போக வயிறு காலியாவது தாமதமாகும். போதாததற்கு, கெட்டியான கரைசலை நீர்க்கச் செய்ய குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை உள்ளே இழுக்கும். வியர்வையில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இது இரட்டை நஷ்டம். கெட்டியாகத்தான் கொண்டுபோக முடியும் என்றால் தவறில்லை. ஆனால் பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும், ஒவ்வொரு மடக்குக்கும் அதையும் சேர்த்துக் குடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே 80 கிராம் என்றாலும் எல்லா மாவுச்சத்தும் வயிற்றுக்கு ஒன்றல்ல. குடல் பார்ப்பது கிராமை அல்ல, கரைசலில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதை. நம் ரத்தத்தின் அடர்த்தியை இந்தக் கணக்கில் 290 என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 80 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் 440-ஐத் தாண்டும். அதே 80 கிராம் சாதாரண சர்க்கரை 235 பக்கம்தான் வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது பல குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது என்பதால் இன்னும் கீழே நிற்கும். அது அவ்வளவாக இனிப்பதும் இல்லை. அதனால்தான் பெரும்பாலான பொடிகளில் அதுவே முதல் பெயராக இருக்கிறது.

அப்படியானால் மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் போதுமே என்று நினைப்பது அடுத்த தவறு. குளுக்கோஸ் குடலிலிருந்து உள்ளே போக ஒரு வாசல்தான். அது வழியாக மணிக்கு சுமார் 60 கிராம் போகும். அதற்கு மேல் குடிப்பது வாசலில் வரிசையில் நிற்கும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை உடம்பு பயன்படுத்திக்கொள்ளும். அதற்காக ஃப்ரக்டோஸை மட்டும் கலக்கவும் கூடாது, தனியாகப் போனால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். ஆப்பிள் ஜூஸை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வயிறு கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ்தான் அதிகம்.

வீட்டில் கலப்பவர்களுக்கு இதில் எளிய வழி உண்டு. சமையலறைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். 60 கிராம் சர்க்கரையும் 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினும் சேர்த்தால் 60 கிராம் குளுக்கோஸ், 30 கிராம் ஃப்ரக்டோஸ். விலை உயர்ந்த பொடிகள் பெருமையாகச் சொல்லும் 2:1 விகிதம் இதுதான். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும் போட்டிகளில் ஒரு மணி நேரத்துக்கு இந்த அளவு. அதைவிடக் குறைந்த நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் தாராளம். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீரே போதும், கார்போ பானமே தேவையில்லை.

கரண்டியால் அளப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்கூப்பில் குவியலாக எடுப்பதற்கும் தட்டி எடுப்பதற்கும் வித்தியாசம் நிறைய. வியர்வையில் போகும் சோடியத்துக்காகப் பானத்தில் சேர்க்கும் உப்பில் இது இன்னும் ஆபத்து. ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம், அதில் 2,300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். ஒரு லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் உப்பு போட்டாலே சுமார் 500 மில்லிகிராம் சோடியம் கிடைத்துவிடும். அதிகம் வியர்ப்பவர்களுக்கும், சட்டையில் வெள்ளையாக உப்புப் பூப்பவர்களுக்கும் கூடுதலாக வேண்டியிருக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினால் இந்தத் தடுமாற்றமெல்லாம் தீரும்.

லேபிளையும் அவசரமாகப் படிக்க வேண்டாம். "எலக்ட்ரோலைட்" (சோடியம் போன்ற உப்புகள்) என்று பெரிதாக எழுதியிருக்கும், தண்ணீரில் கரைக்கும் மாத்திரைகள் பலவற்றில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய கிடையாது. அதை மட்டும் நம்பி மாரத்தான் ஓடினால் தாகம் தணியலாம், சக்தி கிடைக்காது. ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள், 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

பானத்தில் உப்பு இருக்கிறதே என்று எவ்வளவு வேண்டுமானாலும் குடிப்பதும் தவறு, இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். ரத்தத்தில் லிட்டருக்கு 3,200 மில்லிகிராம் அளவில் சோடியம் உண்டு. நம் பாட்டிலில் இருப்பதோ சுமார் 500. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் பேசாமல் எடுக்கவே கூடாது.

மணிக்கு 90 கிராம் என்று படித்ததும் போட்டி நாளன்று முதல்முறையாக முயல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். குடலும் பழக வேண்டும். 40 கிராமில் தொடங்கி, வாராவாரம் நீண்ட பயிற்சி நாளில் பத்து பத்தாக ஏற்றுங்கள். போட்டியின் வேகத்திலேயே ஒரு முறையாவது குடித்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது அமைதியாக இருக்கும் வயிறு வேகத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

திரும்பி வந்ததும் பாட்டிலை உடனே கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், பூஞ்சணம் கறுப்பாகப் பிடிப்பது அங்கேதான்.