"தண்ணி வந்துச்சுல்லா?": அமானுஷ்ய ஆற்றலைச் சோதிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கம் குறி சொல்பவர், மை போட்டுப் பார்ப்பவர், தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் என்று யாருக்கும் பஞ்சமில்லை. இவர்களைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் கிளம்புவது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு புதுக் குழுவும் அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த அதே பள்ளத்தைத் தேடிப் போய் விழுகிறது. வீடியோ எடுக்க மறப்பது, சாட்சி இல்லாமல் போவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அறிவியல் இதைத் தொட்டதே இல்லை" என்று பேசுவது

நன்றாகவே தொட்டிருக்கிறது. லண்டனில் 1882-லேயே இதற்கென்று ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1930-களில் ஜே. பி. ரைன் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சீட்டுகளை வைத்து ஆயிரக்கணக்கில் சோதனை செய்தார். இத்தகைய ஆற்றல்களை ஆராயும் அதீத உளவியலாளர்களின் சங்கத்தை 1969-ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் இணைப்பு அமைப்பாகவே சேர்த்துக்கொண்டது. நமக்குப் பக்கத்தில், விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் துறையே இருந்தது.

எதிரே இருப்பவர் இந்த 1969-ஐ எடுத்துப் போட்டால் நீங்கள் முழிப்பீர்கள். அந்த இணைப்பு ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் கிடைத்தது. ஆற்றல் உண்டு என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒருவர் கையில் வரும் முடிவு அடுத்தவர் செய்யும்போது வருவதில்லை என்பதுதான் இத்துறையின் தீராத சிக்கல். 2011-ல் டேரில் பெம் என்ற உளவியலாளர் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்து, நடக்கப்போவதை மனிதர்கள் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று எழுதினார். அவருடைய சோதனைகளில் ஒன்றை மூன்று ஆய்வாளர்கள் மூன்று இடங்களில் திருப்பிச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒன்றும் வரவில்லை.

"தண்ணீர் வந்ததா?" என்று கேட்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு தோப்பு. நீரோட்டம் பார்க்கும் பெரியவர் உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, குடுமி விரல்பக்கம் இருக்க, மெதுவாக நடந்தார். ஓர் இடத்தில் தேங்காய் சட்டென்று குத்திட்டு நின்றது. அங்கே குச்சி நட்டார்கள், போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. கூடப் போன பையன்கள் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, தண்ணி வந்துச்சுல்லா? இதுக்கு என்ன சொல்லுதிய?" என்றார்கள்.

"பக்கத்துத் தோப்புல?"

"அங்கயும் இருக்கு."

"அதுக்கு அடுத்த தோப்புல?"

பதில் இல்லை. தாமிரபரணிக் கரையில், வாய்க்கால் பாயும் வண்டல் மண்ணில், கண்ணை மூடிக் கல்லெறிந்து விழுந்த இடத்தில் தோண்டினாலும் ஊறும். பெரியவர் காட்டாத இடத்தில் என்ன வந்திருக்கும் என்று பார்க்காதவரை, காட்டிய இடத்தில் வந்த தண்ணீருக்கு அர்த்தமே கிடையாது.

அதே பெரியவரை நாங்குநேரிப் பக்கம் கூட்டிப்போனார்கள். அங்கே அடியில் கடினப்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான். போர் வண்டி இராத்திரி முழுக்க ஓடியும் புழுதிதான் பறந்தது. உடனே காரணங்கள் வரிசை கட்டின: இன்னும் நூறடி போயிருக்கணும், வண்டிக்காரன் குச்சியை விட்டுத் தள்ளிப் போட்டுட்டான், யாரோ தீட்டோட வந்துட்டாங்க. நம் பையன்கள் அதையும் அப்படியே நோட்டில் எழுதி, "முடிவு தெளிவில்லை" என்று கோடு போட்டுவிட்டார்கள். நகையை அடகு வைத்துப் போர் போட்ட சம்சாரிக்கு முடிவு நன்றாகவே தெளிந்திருந்தது.

முதலில் எழுதுங்கள். எத்தனை அடிக்குள், எத்தனை இன்ச் தண்ணீர், எத்தனை இடத்தில் எத்தனை சரியாக வந்தால் வெற்றி என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். போர் போடாமலே சோதிக்கவும் வழி உண்டு. மூடிய பத்துக் குடம், ஒன்றில் மட்டும் தண்ணீர். எது என்று சீட்டுக் குலுக்கி வைத்தவர் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. முதல் சுற்றை மூடியைத் திறந்து வைத்து நடத்துங்கள். தேங்காய் எழும், "இன்னிக்கு சக்தி வேலை செய்யுது" என்று அவரே சொல்வார். அப்புறம் மூடிவிட்டுப் பத்து முறை. குருட்டாம்போக்கில் ஒன்று சரியாக வரும். ஜெர்மனியின் காசல் நகரில் 1990-ல் கிட்டத்தட்ட 30 பேரை, மண்ணுக்கடியில் குழாய் பதித்து இப்படித்தான் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிச் சோதித்தார்கள். கிடைத்தது அதிர்ஷ்டக் கணக்குக்கு மேல் போகவில்லை.

இன்னொன்று, பெரியவரைப் பித்தலாட்டக்காரர் என்று எழுதாதீர்கள். கைத்தசை அவரறியாமலே அசைகிறது. தேங்காய் எழுவதைப் பார்த்து அவரும்தான் நம்புகிறார்.

ஜெயித்தவரை மட்டும் மேடை ஏற்றுவது

ரைனின் சீட்டுக்கட்டில் 25 சீட்டு, ஐந்து குறி. மறைத்த சீட்டில் எந்தக் குறி என்று சும்மா சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாகும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒன்பதோ அதற்கு மேலோ எடுக்கும் பிள்ளைகள் இரண்டு பேராவது இருப்பது சகஜம். அந்த இருவருக்கும் கைதட்டாமல் மறுபடி உட்கார வையுங்கள்.

பேராசிரியர் இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. வித்தை காட்டுபவர் ஒருவர் வேண்டும். 1979-ல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இந்த ஆற்றல்களை ஆராயும் ஆய்வகத்துக்கு, மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி இரண்டு இளம் வித்தைக்காரர்களை ஆற்றல் உள்ளவர்கள்போல அனுப்பினார். கரண்டி வளைந்தது, ஆய்வகமும் ஏமாந்தது. எல்லாம் வித்தைதான் என்று 1983-ல் வெளியே சொன்னார்கள்.

சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சோதனை

கூடாது. அது வழிபாடு.

கண்ணைக் கட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் சத்தம் போடுவது

மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான் படிக்கிறார்கள். முகவாய்க்குக் கீழே ஓர் அட்டையைக் கிடையாகப் பிடித்தால் படிப்பு நின்றுவிடும். ஆனால் அதைக் கூட்டத்தின் நடுவில் செய்து பிள்ளையை அழ விடாதீர்கள். பயிற்சிக்குப் பணம் கட்டிய அப்பா அம்மாவைத் தனியே கூப்பிட்டு, அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.