ஃபேரி வகைப் போகிமான்: ‘டிராகனுக்கு எமன்’ என்று நம்பி இறக்குபவர்கள் செய்யும் தவறுகள்

போகிமான் வீடியோ கேமில் மோதும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் அதன் தாக்குதல்களுக்கும் வகை உண்டு. அவற்றில் ஒன்றான ஃபேரியைப் பற்றிப் போகிமான் ஆடுகிற யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், ‘டிராகனுக்கு எமன்’. பதிலில் பொய்யில்லை. அந்த ஒரு பதிலோடு பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் களமிறங்குவதில்தான் வம்பு. இந்த வகையை எதிர்த்து ஆடுபவர்களைவிட, இதைத் தங்கள் அணியில் வைத்திருப்பவர்களே அதிகம் இடறுகிறார்கள் என்பது என் கணிப்பு.

1999இல் வந்த கோல்டு, சில்வர் கேம்களில் எஃகும் இருளும் சேர்ந்தன. அதற்குப் பிறகு நெடுங்காலம் புதிய வகை எதுவும் வரவில்லை. 2013 அக்டோபரில் எக்ஸ், ஒய் கேம்களோடு 18ஆவது வகையாக ஃபேரி வந்தது. அதுவரை டிராகன் தாக்குதலைப் பாதியாகக் குறைத்து வாங்கக்கூடிய ஒரே வகை எஃகு. அதனால் கார்சோம்ப், சலமென்ஸ், லாட்டியோஸ் போன்ற டிராகன்களை வைத்திருப்பவர் கை ஓங்கியிருந்தது. ஃபேரி வந்தபின் அந்தத் திமிர் அடங்கியது. (கேம் திரையில் ஸ்டீல், பாய்சன், டார்க் என்று வருவதை இங்கே எஃகு, விஷம், இருள் என்றே எழுதுகிறேன்.)

அட்டவணையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஃபேரி தாக்கினால் டிராகன், சண்டை, இருள் வகைகளுக்கு இருமடங்கு சேதம். நெருப்பு, விஷம், எஃகு வகைகளுக்குப் பாதிதான். ஃபேரியைத் தாக்கினால், டிராகன் தாக்குதல் அறவே பலிக்காது. சண்டை, பூச்சி, இருள் பாதியாகிவிடும். விஷமும் எஃகும் இருமடங்காக விழும்.

இதில் ‘தாக்குதல்’ என்ற சொல்லைத்தான் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். டிராகன் வகைத் தாக்குதல் ஃபேரியிடம் பலிக்காது; டிராகன் வகைப் போகிமானின் மற்ற தாக்குதல்கள் தாராளமாகப் பலிக்கும். கார்சோம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலமும் டிராகனும் கலந்தது. அடிப்படை அட்டாக் 130, வேகம் 102. எதிரே உங்கள் ஃபேரியான சில்வியான். வேகம் 60, டிஃபென்ஸ் 65. டிராகன் வகைத் தாக்குதல்களான அவுட்ரேஜோ டிராகன் கிளாவோ வந்தால் ஒரு கீறல்கூட விழாது. ஆனால் கார்சோம்ப் நில வகை எர்த்குவேக் போட்டால் முழுச் சேதம், அதுவும் தன் சொந்த வகை என்பதால் ஒன்றரை மடங்கு பலத்தோடு. விஷ வகை பாய்சன் ஜாப் அல்லது எஃகு வகை அயர்ன் ஹெட் வைத்திருந்தால் இருமடங்கு. இவையெல்லாம் உங்கள் ஃபேரி தாக்குதலான மூன்பிளாஸ்ட் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும், ஏனென்றால் கார்சோம்பின் வேகம் அதிகம். ஃபேரி வருகிறது என்று தெரிந்தே டிராகன்காரர்கள் இத்தகைய ஒரு தாக்குதலை மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மூன்று தலை ஹைட்ரைகன்கூட எஃகு வகை ஃபிளாஷ் கேனனோடு வரும்.

ஆகவே டிராகன் எதிரே நிற்கிறது என்பதற்காகவே ஃபேரியை இறக்காதீர்கள். டிராகன் தாக்குதல் இந்த முறை வரப்போகிறது என்று கணிக்க முடிகிற நேரத்தில் இறக்குங்கள். எதிராளி சாய்ஸ் பேண்ட் என்ற பொருளைப் போட்டு அவுட்ரேஜில் சிக்கியிருக்கிறார் என்றால் அதைவிட நல்ல தருணம் கிடையாது: மாற்றி இறக்கும் வரை அவர் அந்த ஒரு தாக்குதலைத் தவிர வேறெதையும் தொட முடியாது.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். டிராகன் உங்களிடம் இருக்கிறது, எதிராளியின் அணிப் பட்டியலில் ஃபேரியான கிளெஃபேபிள் தெரிகிறது என்றால், அது விழும் வரை அவுட்ரேஜைத் தொடாதிருப்பதே புத்தி. ஃபேரியை முதலில் வீழ்த்தும் வேலையை ஓர் எஃகு வகையிடம் கொடுத்துவிட்டு, டிராகனைக் கடைசியில் கொண்டுவருபவர்கள்தான் ஆட்டத்தை நிதானமாக முடிக்கிறார்கள்.

அடுத்தது இரட்டை வகை. எனக்குத் தெரிந்து அதிக ஆட்டங்களைக் கெடுப்பது இதுதான். ஹைட்ரைகன் இருளும் டிராகனும் கலந்தது, ஆகவே ஃபேரி அடி நான்கு மடங்கு. சண்டையும் டிராகனுமான கொம்மோ-ஓவுக்கும், இருளும் சண்டையுமான ஸ்கிராஃப்டிக்கும் அதே கதி. இந்த வெற்றிகளின் ருசியில் டியால்காவைப் பார்த்ததும் மூன்பிளாஸ்டை அழுத்துகிறார்கள். டியால்கா எஃகு-டிராகன். ஒன்று இரட்டிப்பாக்க, மற்றது பாதியாக்க, மிஞ்சுவது சாதாரண சேதம்; அதன் பதிலடியான ஃபிளாஷ் கேனனோ உங்கள் ஃபேரிக்கு இருமடங்கு. நெருப்பு-டிராகனான ரெஷிராம், விஷம்-டிராகனான எட்டர்னேட்டஸ், சண்டை-எஃகான லூகாரியோ, நெருப்பு-இருளான இன்சினரோர் எல்லாமே இதே கணக்கு. சாரிசார்டு டிராகன் போல இருப்பதோடு சரி. அது நெருப்பும் பறத்தலும் கலந்தது, ஃபேரி அடி அதற்குப் பாதிதான். மெகா சாரிசார்டு எக்ஸ் என்ற தற்காலிக உருவத்துக்கு மாறினால் மட்டும் டிராகன் சேரும், அப்போதும் சேதம் சாதாரணம்.

இன்னொன்றும் உண்டு. டிராகனைட், சலமென்ஸ், ரேக்வாசா, கார்சோம்ப் ஆகியவற்றுக்கு ஃபேரி இருமடங்கு என்றால் பனி வகைத் தாக்குதல் நான்கு மடங்கு. டிராகன் என்றதும் ஃபேரியை மட்டுமே தேடுபவர்கள், கையிலிருக்கும் ஐஸ் பீமை மறந்துவிடுகிறார்கள்.

ஃபேரியைத் தாக்கும்போதும் இரண்டாவது வகையைப் பார்த்தே ஆக வேண்டும். ‘எஃகு அடித்தால் போதும்’ என்று எஃகு வகையான சைசரை நீர்-ஃபேரியான அசுமாரிலுக்கு எதிரே நிறுத்தினால், அசுமாரிலின் நீர் வகை எஃகு அடியைச் சாதாரணமாக்கிவிடும். அங்கே மின்சாரம், புல், விஷம் இவைதான் வழி. மாவைல், கிளெஃப்கி, டிங்காட்டன் போன்ற எஃகு-ஃபேரிகளுக்கு விஷம் துளியும் ஏறாது. நெருப்பு, நிலம் இரண்டு மட்டுமே இருமடங்கு. பாறை-ஃபேரியான கார்பிங்குக்கு எஃகு நான்கு மடங்கு, விஷமோ சாதாரணம். புல்-ஃபேரியான விம்சிகாட்டுக்கு விஷம்தான் நான்கு மடங்கு. அலோலா நைன்டேல்ஸ் பனி-ஃபேரி என்பதால் எஃகு வகை புல்லட் பஞ்ச் ஒன்றிலேயே தள்ளாடும். பேயும் ஃபேரியுமான மிமிக்யூவிடம் விஷத்தோடு போவது வீண்; எஃகு அல்லது பேய் வகைத் தாக்குதல் வேண்டும், அதிலும் முதல் அடியை அதன் மாறுவேடம் விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் ஒரு சிறு குழப்பம். ஃபேரி அடியை நெருப்பு பாதியாக வாங்குகிறது. அதற்காக நெருப்பு அடி ஃபேரிக்கு இருமடங்காகாது, சாதாரணம்தான். ஃபேரியை ஃபேரி அடித்தாலும் சாதாரணம்.

வகையெல்லாம் சரியாகப் பார்த்தும் அடி பலிக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், எண்களைப் பார்க்காதவர்களாக இருப்பார்கள். தாக்குதல்களில் ஃபிசிக்கல், ஸ்பெஷல் என்று இரண்டு உண்டு; முன்னதை டிஃபென்ஸும் பின்னதை ஸ்பெஷல் டிஃபென்ஸும் தாங்கும். சில்வியானின் டிஃபென்ஸ் 65, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 130. சரியாக இருமடங்கு வித்தியாசம்! இதன்மீது ஸ்லட்ஜ் பாம் போன்ற ஸ்பெஷல் தாக்குதலைப் போட்டால், வகையால் கிடைத்த இலாபம் முழுவதையும் அந்த 130 தின்றுவிடும். அதே விஷம் கன்க் ஷாட் என்ற ஃபிசிக்கல் வடிவில் வந்தால் சில்வியான் எழுந்து நிற்பது கடினம். சைசரின் புல்லட் பஞ்சைப் பலர் புகழ்வதற்கும் காரணம் இதுதான்: அடிப்படைப் பலம் 40தான், டெக்னீஷியன் என்ற எபிலிட்டி (போகிமானின் இயல்பான தனித்திறன்) அதை 60 ஆக்குகிறது, சைசர் தானே எஃகு என்பதால் அதற்கு மேலும் ஒன்றரை மடங்கு, பலவீனமான பக்கத்தில் இருமடங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வேகத்தைப் பொருட்படுத்தாமல் முந்திக்கொண்டு விழுகிறது.

உங்கள் சொந்த ஃபேரிக்குத் தாக்குதலைத் தேர்வதிலும் இதே கவனம் தேவை. மூன்பிளாஸ்ட் ஸ்பெஷல், பலம் 95, குறி தவறாது, எதிரியின் ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்க 30 சதவீத வாய்ப்பும் உண்டு. பிளே ரஃப் ஃபிசிக்கல். பலம் 90, பத்தில் ஒருமுறை தவறும். அட்டாக் 65, ஸ்பெஷல் அட்டாக் 125 உள்ள கார்டெவோருக்குப் பிளே ரஃப் கொடுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். கிரான்புல்லோ நேர்மாறு, அட்டாக் 120, ஸ்பெஷல் அட்டாக் 60. அசுமாரிலின் அட்டாக் வெறும் 50 என்பதைப் பார்த்து ஒதுக்கிவிடவும் கூடாது: ஹியூஜ் பவர் எபிலிட்டி இருந்தால் அந்தப் பலம் இரட்டிப்பாகும். அந்த எபிலிட்டி இல்லாத அசுமாரிலை முன்வரிசைத் தாக்குதலுக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை.

எபிலிட்டி என்றதும் பிக்ஸிலேட் நினைவுக்கு வருகிறது. நார்மல் வகைத் தாக்குதல்களை ஃபேரியாக மாற்றி, பலத்தையும் கூட்டிக்கொடுக்கும் எபிலிட்டி அது. ஆரம்பத்தில் 30 சதவீதமாக இருந்த அந்தக் கூடுதல் பலம், 2016இல் வந்த சன், மூன் கேம்களில் 20 சதவீதமாகக் குறைந்தது. இணையத்தில் ‘சில்வியானுக்கு ஹைப்பர் வாய்ஸ் கொடுங்கள்’ என்று வரும் யோசனை முழுக்க பிக்ஸிலேட்டை நம்பியே நிற்கிறது. சில்வியானின் வழக்கமான எபிலிட்டி கியூட் சார்ம். பிக்ஸிலேட் அரிதாகவே கிடைக்கும் ஹிடன் எபிலிட்டி. கியூட் சார்ம் உள்ள சில்வியான் ஹைப்பர் வாய்ஸ் போட்டால் அது வெறும் நார்மல் தாக்குதல். டிராகனுக்கும் இருமடங்கில்லை, பேய் வகையிடம் சத்தமே எடுபடாது. எபிலிட்டி கேப்சூல் வாங்கினால் சரியாகிவிடும் என்று பணத்தைச் செலவழிப்பவர்களும் உண்டு. அது ஹிடன் எபிலிட்டியைத் தராது. 2020இல் கிரவுன் டன்ட்ராவோடு வந்த எபிலிட்டி பேட்ச் வேண்டும். அல்லது ஹிடன் எபிலிட்டி உள்ள, சில்வியானின் முன்வடிவமான ஈவியையே பிடித்து வளர்க்க வேண்டும்.

கிளெஃபேபிளை எதிர்கொள்பவர்களுக்கு: அதன் எபிலிட்டி மேஜிக் கார்டாக இருந்தால் டாக்ஸிக் விஷம் ஏறியும் அதன் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) குறையாது. அன்அவேராக இருந்தால் நீங்கள் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு ஏற்றிய அட்டாக்கை அது கண்டுகொள்ளவே செய்யாது. செர்னியஸின் ஃபேரி ஆரா களத்திலுள்ள எல்லோருடைய ஃபேரி தாக்குதலையும் ஏற்றிவிடும், எதிராளியுடையதையும் சேர்த்து.

களத்தின் தன்மையை மாற்றும் மிஸ்டி டெரெய்ன் ஃபேரி தாக்குதலின் பலத்தைக் கூட்டும் என்று நினைப்பதும் பரவலான பிழை. எலக்ட்ரிக், கிராஸி, சைக்கிக் டெரெய்ன்கள் தத்தம் வகையை ஏற்றுவதால் இதுவும் அப்படித்தான் என்று ஊகித்துக்கொள்கிறார்கள். இது செய்வது இரண்டே வேலை. தரையில் நிற்பவர்களுக்கு விழும் டிராகன் சேதத்தைப் பாதியாக்கும். அவர்களுக்குத் தூக்கம், தீக்காயம், விஷம் போன்றவை ஏறாமல் தடுக்கும். எதிராளியும் தரையில்தான் நிற்கிறார் என்பதால், நீங்கள் அவரைத் தூங்கவைக்கப் போட்ட திட்டமும் அதோடு பாழ். பறக்கும் டோகெகிஸுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

உருவத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிப்பது இன்னொரு கதை. இளஞ்சிவப்பு நிறமும் கொழுகொழு முகமும் இருந்தால் ஃபேரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சான்சி, பிளிஸ்ஸி இரண்டும் இன்றுவரை நார்மல் வகைதான். ஆடினோவும் நார்மல், மெகாவாக மாறினால்தான் ஃபேரி சேரும். டிராகன்-பறத்தலான ஆல்டாரியாவுக்கும் மெகாவில்தான் ஃபேரி சேரும். மறுபுறம், கரிய முடியால் உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு பயமுறுத்துகிற கிரிம்ஸ்னார்ல் இருளும் ஃபேரியும் கலந்தது. அதன்மீது சைக்கிக், டிராகன் இரண்டும் பலிக்காது. ஃபேரி அடியே இருமடங்காக விழும்.

பழைய கேம்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2004இல் வந்த ஃபயர்ரெட்டில் ஃபேரி என்ற வகையே கிடையாது. கிளெஃபேரி நார்மல், மாரில் நீர் மட்டும். கார்டெவோர் முன்பு வெறும் சைக்கிக், ஆகவே இருளும் பூச்சியும் அதற்கு இருமடங்கு. இப்போது சைக்கிக்-ஃபேரி என்பதால் அவை இரண்டும் சாதாரணமாகிவிட்டன. இருள் வகை கிரஞ்ச் போட்டு கார்டெவோரைக் கடித்துத் தீர்த்த காலம் போய்விட்டது. கூடவே, அதே 2013இல் எஃகு வகை பேய்க்கும் இருளுக்கும் எதிராக வைத்திருந்த பாதுகாப்பை இழந்தது. இதைப் பலர் இன்னும் மனத்திலிருந்து திருத்தவில்லை.

ஈவியைச் சில்வியானாக்க முயன்று எஸ்பியானோ அம்ப்ரியானோ கிடைத்து நொந்துபோகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நிபந்தனையை விட்டிருப்பார்கள்: லெவல் ஏறும்போது ஈவிக்கு ஏதாவது ஒரு ஃபேரி தாக்குதல் தெரிந்திருக்க வேண்டும். பேபி-டால் ஐஸ், சார்ம் இரண்டில் ஒன்று போதும். எக்ஸ், ஒய் காலத்தில் போகிமானைக் கொஞ்சி விளையாடும் போகிமான்-அமியில் இரண்டு இதயங்களும் தேவைப்பட்டன. 2019இல் வந்த ஸ்வார்டு, ஷீல்டு முதல் அதற்குப் பதில் உயர்ந்த நட்பு. நட்பு மட்டும் ஏறி ஃபேரி தாக்குதல் இல்லாமல் போனால், பகலில் எஸ்பியான், இரவில் அம்ப்ரியான்.

ஸ்கார்லெட், வயலெட் கேம்களை ஆடுபவர்கள், ஆட்டத்தின் நடுவே வகையையே மாற்றும் டெரா மாற்றத்தையும் மறக்கக் கூடாது. எதிரே நிற்கும் டிராகன் டெரா ஃபேரியாக மாறினால் உங்கள் டிராகோ மீட்டியர் அந்த நொடியே வீண். டெரா எஃகாக மாறினால் நீங்கள் ஆவலோடு வைத்திருந்த மூன்பிளாஸ்ட் பாதியாகும்.

‘போகிமான் கோ’ என்ற மொபைல் கேமிலும் அட்டை விளையாட்டிலும் இந்தக் கணக்குகளை அப்படியே பொருத்தக் கூடாது. ‘போகிமான் கோ’வில் முழுப் பாதுகாப்பு என்பதே இல்லை. அங்கே இருமடங்குக்குப் பதில் 1.6 மடங்கு, டிராகன் தாக்குதல் ஃபேரியின்மீது பூஜ்யமாகாமல் சுமார் 0.39 மடங்காக விழும். ரெய்டு என்ற கூட்டுச் சண்டையில் ‘என் டோகெகிஸுக்கு டிராகன் அடி படாதே’ என்று நிம்மதியாக இருந்தால் ஹெச்பி கரைவதைப் பார்க்கலாம். ரேக்வாசாவுக்கு அங்கேயும் பனிதான் முதல் தேர்வு: 1.6 இருமுறை பெருகி 2.56 மடங்கு. அட்டை விளையாட்டில் ஃபேரி தனி வகையாக இருந்தது எக்ஸ்-ஒய், சன்-மூன் வரிசைகளில் மட்டுமே. 2020இல் ஸ்வார்டு-ஷீல்டு வரிசை தொடங்கியபோது ஃபேரி எனர்ஜியை நிறுத்திவிட்டார்கள். புதிய கார்டெவோர், சில்வியான் அட்டைகள் சைக்கிக்காக வருகின்றன. 2021இல் திரும்பிவந்த டிராகன் அட்டைகளுக்குப் பலவீனம் என்று எதுவும் அச்சிடப்படவில்லை.