சாவி திருப்புனா ‘டக்’னு மட்டும் கேக்குதா, ஸ்டார்ட்டர கழட்டாதீங்க

சுங்கை சிப்புட் பக்கம் மழை பேஞ்ச மறுநாள் காலையில வேன் கிளம்பலனா உடனே ஸ்டார்ட்டர் (இஞ்சின மொதல்ல சுத்திவிடுற மோட்டார்) போச்சுனு ஸ்பேனர தூக்கிடுறாங்க, கொஞ்சம் பொறுங்க லா. சாவி திருப்புனா சின்ன கரண்டு சோலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரோட காந்த சுவிட்சு) போவும், அது பினியன்ங்குற ஸ்டார்ட்டரோட சின்ன பல்சக்கரத்த இஞ்சினோட ஃப்ளைவீல்ங்குற பெரிய சக்கரத்து பல்லோட கோத்துவிட்டு பேட்டரியோட பெரிய கரண்ட மோட்டாருக்கு திறந்துவிடும், அவ்வளவுதான்.

மொதல்ல பேட்டரி. சும்மா நிக்கிறப்ப 12.6 வோல்ட் இருக்கணும், ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரியதான் மொதல்ல சந்தேகப்படணும். டெர்மினல்ல உப்பு பூத்திருந்தா சமையல் சோடா தண்ணி ஊத்தி தேய்ங்க, கழட்டுறப்ப நெகட்டிவ் வயருதான் முன்னாடி. அப்புறம் எர்த் வயரு, அதான் பேட்டரி நெகட்டிவுலேருந்து இஞ்சினுக்கும் பாடிக்கும் போற வயரு, இத யாருமே பாக்க மாட்டாங்க ஆனா என் கைக்கு வந்ததுல பாதி வண்டிக்கு நோவு இங்கதான், ஸ்டார்ட் பண்றப்ப பேட்டரி நெகட்டிவுக்கும் இஞ்சின் இரும்புக்கும் நடுவுல வோல்ட் மீட்டர் வச்சா 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது.

எல்லாம் சரியா இருந்தும் ‘டக்’னா சோலினாய்டு காண்டாக்ட் கருகியிருக்கும், இல்ல மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்கு கரண்டு குடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், பட்டறையில முழு ஸ்டார்ட்டர் மாத்தச் சொன்னாலும் பிரஷ் மட்டும் போதுமானு கேளுங்க. மோட்டார் விர்ருனு சுத்தி இஞ்சின் அசையலனா, பினியன இஞ்சினோட சேத்து சுத்த வைக்கிற பினியன் கிளட்ச்லதான் கோளாறு. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல சாவிய புடிச்சிட்டு நிக்காதீங்க, காயில் வெந்துடும்.