இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டும்போது: லிங்க் அக்ரிகேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலை பழக வரும் பிள்ளைகளில் பலர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள். லிங்க் அக்ரிகேஷன் என்பது இரண்டு சுவிட்சுகளுக்கு (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகளுக்கு) இடையே ஓடும் பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டுவது. சுவிட்சைத் தொட்ட முதல் மாதமே, இதில் நான் அந்த வயதில் செய்த தவறுகளை அப்படியே செய்கிறார்கள். வேகம் பொருந்தாத போர்ட்டுகளைச் சேர்ப்பது போன்றவற்றைச் சுவிட்சே காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோடை ‘ஆன்’ என்று வைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வாளையார் அருகே ஒரு தொழிற்சாலையில், அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் இடையே இரண்டு ஃபைபர். நான்கு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி. இரண்டையும் ஒரே கட்டாக்கி, இரு சுவிட்சிலும் மோடை ‘ஆன்’ என்று, அதாவது எதிர்முனையைக் கேட்காமலே கட்டிவிடும்படி வைத்தேன். விளக்குகள் எரிந்தன, கிளம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு மழைநாளில் அழைப்பு வந்தது. கிடங்கில் ஒரு கணினிக்கு சர்வர் கிடைக்கிறது, பக்கத்து மேசைக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே விலான் (சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு). வைரஸ் என்று நினைத்து இரண்டு கணினிகளை ஃபார்மட் செய்தேன். இரண்டு நாள் பில்லைக் கையால் எழுதினார்கள். வாசலில் லாரிகள் நின்றன. சுவிட்சிலோ இரண்டு போர்ட்டும், கட்டில் சேர்ந்திருப்பதைச் சொல்லும் ‘பி’ என்ற குறியோடு, நலமாக இருப்பதாகவே காட்டின.

மூன்றாம் நாள் கிடங்குச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். ஒரு கன்வெர்ட்டரில் செம்புப் பக்க விளக்கு பச்சை. ஃபைபர் பக்க விளக்கு அணைந்திருந்தது. கேபிள் பள்ளத்தில் எலி கடித்திருந்தது.

சுவிட்சுக்குத் தெரிவது கன்வெர்ட்டர் வரையிலான செம்புக் கேபிள் மட்டும்தான். ‘ஆன்’ மோடில் எதிர்முனையோடு பேச்சே கிடையாது. ஆகவே அறுந்த பாதைக்கும் தன் பங்குப் போக்குவரத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. எந்தக் கணினி எந்தப் பாதையில் போவது என்பதை முகவரியை வைத்து, ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே விடை தரும் ஹாஷ் கணக்கு முடிவு செய்வதால், பாதிக்கப்பட்ட கணினி எப்போதும் அதே கணினிதான்.

2000-ஆம் ஆண்டிலேயே 802.3ஏடி தரத்தோடு வந்த எல்ஏசிபி (இரு முனைகளும் செய்தி பரிமாறிக் கட்டைக் கண்காணிக்கும் நெறிமுறை) இதற்குத்தான் இருக்கிறது. மெதுவான டைமரில் 30 விநாடிக்கு ஒரு செய்தி. 90 விநாடி எதுவும் வராவிட்டால் அந்தப் போர்ட் கட்டிலிருந்து விலகும். வேகமான டைமரில் 3 விநாடி போதும். எதிர்முனைக்கு எல்ஏசிபி தெரியாது என்றால் தவிர, ‘ஆன்’ போடாதீர்கள்.

இருபுறமும் பாசிவ்

கட்டு அமையாது. எல்ஏசிபியில் பாசிவ் என்றால் எதிர்முனை பேசினால்தான் பேசும், ஆக்டிவ் என்றால் தானே பேச்சைத் தொடங்கும். ஒரு பக்கமாவது ஆக்டிவ் வேண்டும்.

வேகம் இரட்டிப்பாகும் என்று வாக்குக் கொடுப்பது

இரண்டு ஒரு-கிகாபிட் போர்ட்டைக் கட்டினாலும், ஒரே கோப்பை நகலெடுக்கும்போது ஒரு கிகாபிட்டுக்கு மேல் போகாது. பலர் சேர்ந்து பயன்படுத்தும்போதுதான் பலன். அப்போதும், ரௌட்டரை நோக்கிய கட்டில் சேரிட மேக் (வன்பொருள்) முகவரியை மட்டும் வைத்துப் பிரித்தால், அது எல்லாவற்றுக்கும் ரௌட்டருடையதே என்பதால், எல்லாம் ஒரே கேபிளில் குவியும். ஐபி முகவரிகளை வைத்துப் பிரியுங்கள்.

விலானை உறுப்புப் போர்ட்டில் மாற்றுவது

கட்டு முழுவதையும் ஒரே போர்ட்டாகக் காட்டும் போர்ட்-சேனலில் மாற்றுங்கள்.

சோதிக்காமல் ஒப்படைப்பது

சுவிட்சிலிருந்து கேபிளை உருவிப் பார்ப்பது சோதனை ஆகாது. அதை ‘ஆன்’ மோடும் கண்டுபிடித்துவிடும். கன்வெர்ட்டரின் ஃபைபர் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு மேசையிலிருந்தும் பிங் ஓடட்டும். 90 விநாடிக்குள் எல்லா மேசைக்கும் பதில் திரும்பிய பிறகே ஃபைபரை மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறேன்.