மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம்: போலீஸ் பைக் பயிற்சியில் முதலில் உடைக்கப்படும் பழக்கங்கள்

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிள் பிரிவில் சேர வேண்டுமென்றால், முதலில் பெரிய தார்த்தரை ஒன்றில் ஆரஞ்சு நிறக் கோன்களுக்கு நடுவே நடை வேகத்தில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். துரத்திப் பிடிப்பதெல்லாம் அப்புறம். இலினாய் மாநிலத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பொதுப் பாதுகாப்பு மையம் நடத்தும் போலீஸ் மோட்டார் சைக்கிள் பயிற்சி இரண்டு வாரம், மொத்தம் 80 மணி நேரம். கோன்களுக்கு நடுவே வளைந்து போவது, எட்டு போடுவது, நின்ற இடத்திலிருந்தே ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பிக்கொண்டு கிளம்புவது என்று அதில் கணிசமான நேரம் மெதுவேகத்துக்கே போகிறது.

காரணம் எளிது. அங்கே ஒரு லேனின் வழக்கமான அகலம் 12 அடி. இரண்டு லேன் சாலையில் எதிர்த்திசையில் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் 24 அடிக்குள் யூ டர்ன் அடிக்க வேண்டும். ஓட்டுவதோ பல இடங்களில் 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹார்லி எலெக்ட்ரா கிளைடு போன்ற பெரிய பைக். மூன்று ஸ்ப்ளெண்டரை ஒன்றாகக் கட்டி ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரளவு வேகம் இருந்தால் பைக் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நடை வேகத்தில் அந்த உதவி கிடையாது. நிமிர்த்துவது முழுக்க ஓட்டுபவர் வேலை.

அந்த வேகத்தில் வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் மனதில் தோன்றுவது ஒன்றே ஒன்று: நிறுத்து. கண் தரைக்குப் போகிறது, இடது கை கிளட்ச்சை முழுக்கப் பிடிக்கிறது, வலது கை முன் பிரேக்கை இறுக்குகிறது, கால் வெளியே நீள்கிறது. பார்க்க நான்கு தவறு. என் பார்வையில் நான்கும் ஒரே பயத்தின் வேலை. பாதித் திருப்பத்தில் நிறுத்தப் பார்ப்பதால்தான் வண்டி விழுகிறது.

கிளட்ச்சில் தொடங்குவோம், ஏனென்றால் நம்மவர்களுக்கு அதில்தான் பெரிய மனத்தடை. 'ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே, பிளேட் தேய்ந்துவிடும்' என்று டிரைவிங் ஸ்கூலில் திட்டு வாங்காதவர் குறைவு. காருக்கு அது நியாயமான அறிவுரை. காரில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த கிளட்ச். நழுவ விட்டால் சூடேறித் தேயும். பெரும்பாலான பைக்குகளில் பல தட்டுகள் கொண்ட கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் கொஞ்சம் நழுவுவதால் அதற்குப் பெரிய கேடில்லை. போலீஸ் பயிற்சியின் அடித்தளமே இந்த ஹாஃப் கிளட்ச்தான். ஐடிலுக்குச் சற்று மேலே த்ராட்டிலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்ச்சாலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். முழுக்கப் பிடித்தால் சக்கரத்துக்குப் போகும் இழுப்பு அறுந்துபோகும். சாய்ந்திருக்கும் வண்டியை நிமிர்த்த அப்போது எதுவும் இல்லை. சாய்கிறது என்று தெரிந்தால் கிளட்ச்சை ஒரு நூல் அளவு விட வேண்டும். பயந்த கை அதற்கு நேரெதிராகச் செய்யும்.

விதிவிலக்கும் உண்டு. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் பல ஆண்டுகள் ஓட்டிய பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் (சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் எஞ்சின்) வண்டிகளில் காய்ந்த ஒற்றைத்தட்டுக் கிளட்ச்தான் இருந்தது. அதை மணிக்கணக்கில் நழுவ விட்டால் தீய்ந்த வாசனை வந்துவிடும். 2014 மாடலில்தான் பிஎம்டபிள்யூவின் அந்த ஆர்டி என்ற பைக் வரிசைக்கு எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வந்தது. ஆகவே பழகும் முன் உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

கிளட்ச்சோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியது பின் பிரேக். எஞ்சின் முன்னே இழுக்க, பின் பிரேக் லேசாகப் பின்னே இழுத்துப் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். வேகத்தைக் குறைக்கத்தானே பிரேக், எஞ்சின் இழுக்கும்போதே அதையும் ஏன் மிதிக்க வேண்டும் என்று தோன்றும். இங்கே அது வண்டியை நிலைப்படுத்தும் கருவி. முன் பிரேக் விஷயம் வேறு. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் எடை முன்னே பாய்கிறது, ஃபோர்க் அமுங்குகிறது, திரும்பிய பக்கமே வண்டி படுத்துவிடுகிறது. ஒரு விரல் லிவர் மேல் இருந்தாலே அனிச்சையாக இழுத்துவிடும். அதனால் மெதுவேகப் பயிற்சியில் வலது கையின் எல்லா விரல்களும் த்ராட்டிலைச் சுற்றியே இருக்கட்டும்.

இதில் நம்மூர் வண்டிகளுக்கு ஒரு சிக்கல். 2019இல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் (முன், பின் பிரேக்குகளைச் சேர்த்து இயக்குவது) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயமானது. சிபிஎஸ் உள்ள பைக்கில் பெடலை ஓங்கி மிதித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். மெல்ல, பாதத்தின் எடையளவுக்கு மிதித்துப் பழகுவதே நல்லது.

கண் விஷயத்தைப் பயிற்சியாளர்கள் கத்திக் கத்தியே தொண்டை வறளுவார்கள். கோனைப் பார்த்தால் கோன் மேல் ஏறும், தரையைப் பார்த்தால் தரைக்குப் போகும். யூ டர்ன் என்றால், திரும்பி முடித்தபின் எங்கே போகப்போகிறோமோ அந்த இடத்தை முதலிலேயே பார்க்க வேண்டும், அதாவது தோளுக்கு மேலே தலையைத் திருப்பி. கண்ணை மட்டும் ஓரமாக உருட்டிவிட்டு 'பார்த்தேன்' என்பவர்கள் அதிகம். முகவாய் தோள் பக்கம் வந்தால்தான் கணக்கு. ஆர்டிஓ தேர்வில் எட்டு போடும்போது பலர் காலை ஊன்றுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

காலை நீட்டுவதால் என்ன கேடு? 350 கிலோவை ஒரு காலால் தாங்க முடியாது, கணுக்காலுக்கு ஆபத்து. அதைவிட முக்கியம், வலது கால் வெளியே போனால் பின் பிரேக்கும் போயிற்று.

பயிற்சியில் எல்லாம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குதான் என்று நினைப்பதும் தவறு. ஜப்பானைப் பாருங்கள். அங்கே பெரிய பைக் லைசென்ஸ் தேர்வில் 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு மேடையின் மேல் ஓட்டிக் கடக்க வேண்டும். சீக்கிரம் கடந்தால் மார்க் குறையும். 10 வினாடிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அங்கே சாதாரண ஆட்களுக்கே இந்தச் சோதனை. வெள்ளை வண்டி ஓட்டும் அந்த ஊர் ஷிரோபை போலீஸாருக்கு இபாராகி மாகாணத்தில் தேசிய அளவில் போட்டியே நடக்கிறது, அதில் சமநிலை ஓட்டத்துக்குத் தனிப் பிரிவு உண்டு.

நீங்களாகப் பழகும்போது செய்யக்கூடிய பெரிய தவறு, முதல் நாளே இறுக்கமான எட்டில் இறங்குவது. நேர்க்கோட்டில் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்று பாருங்கள், கிளட்ச்சும் பின் பிரேக்கும் கைவரட்டும். பிறகு பெரிய வட்டம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கலாம். இடப்பக்கம் எளிதாக வந்தால் வலப்பக்கத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது த்ராட்டில் கை உடம்போடு நெருங்கி வருவதால், தெரியாமலே முறுக்கிவிடுவது சகஜம். மணல், ஜல்லி, எண்ணெய்க் கறை உள்ள தரை வேண்டாம். இடது முன்கை வலிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். களைத்த கை கிளட்ச்சை முழுக்கப் பிடிக்கவே பார்க்கும். காற்றால் குளிரும் எஞ்சினாக இருந்தால், நடை வேகத்தில் காற்றோட்டம் இல்லாமல் அதுவும் கொதித்திருக்கும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

வண்டி விழத்தான் செய்யும். போலீஸ் வண்டிகளில் கிராஷ் பார் இருப்பதால் அங்கே அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பாதிக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியைத் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். பதற்றத்தில் உடனே குனிந்து முதுகால் தூக்குவதும் கூடாது. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த நிலையில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்பக்கப் பிடி என்று பிடித்துக் கால்களால் சிறு சிறு அடியாகப் பின்னுக்கு நடந்து தூக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தொடும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் இடது பக்கம் போய்ப் படுக்கும், மறுபடியும் முதலிலிருந்து தூக்க வேண்டியிருக்கும்.